கில்லாரியின் கற்சுவர்: 1993 லாத்தூர் நிலநடுக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மகாராஷ்டிராவின் மராத்வாடா வட்டாரத்துப் பழைய வீட்டுச் சுவர் ஒன்றைக் குறுக்காக அறுத்துப் பார்க்க முடிந்தால் மூன்று அடுக்கு தெரியும். வெளிப்பக்கம் ஒரு வரிசை கறுப்புக் கல். உள்பக்கம் இன்னொரு வரிசை. நடுவில் உள்ள இடைவெளியில் சில்லுக் கல்லும் சேறும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே குழைத்த மண்தான். சுவரின் கனம் பெரும்பாலும் இரண்டடிக்குக் குறையாது. வசதியான குடும்பமென்றால் நாலடி, ஐந்தடிகூட உண்டு. மேலே மர உத்திரம், உத்திரத்தின்மேல் பலகை, பலகையின்மேல் ஒன்றரை அடி, இரண்டடி உயரத்துக்கு மிதித்து இறுக்கிய மண். இந்த மண் கூரைக்கு மராத்தியில் ‘மாளவத்’ என்று பெயர்.

ஏப்ரல், மே மாதங்களில் வெளியே வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போதும் இந்த வீட்டுக்குள் பாய் விரித்துப் படுக்கலாம். கன்னம் வைக்க வந்த திருடனுக்கு ஒரு ராத்திரி போதாது. கல்லும் மண்ணும் ஊர் எல்லைக்குள்ளேயே கிடைத்தன; மரத்துக்கு மட்டும்தான் காசு. தங்கள் ஊரின் வெயிலையும் மழையையும் களவையும் தலைமுறை தலைமுறையாகக் கணக்கில் வைத்து அந்த மக்கள் கட்டிப் பழகிய வீடு இது. இதை அறியாமை என்று சொல்லிவிடக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் இனி வரப்போவது, இந்தச் சுவர்கள் ஆயிரக்கணக்கான பேரை எப்படிக் கொன்றன என்ற விவரம்.

அந்த அதிகாலை

1993 செப்டம்பர் 30, அதிகாலை 3.56. கணபதி விழா முடிந்து, சிலையைக் கரைத்துவிட்டு வந்து ஊர் படுத்த இரவு. மகாராஷ்டிராவின் தென்கிழக்கு மூலையில், லாத்தூர் நகரத்துக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் கில்லாரி கிராமத்தை ஒட்டி நிலம் உலுக்கியது. அளவு 6.2. லாத்தூர் மாவட்டத்தின் அவுசா வட்டமும், பக்கத்து உஸ்மானாபாத் மாவட்டத்தின் உமர்கா வட்டமும் பட்ட அடிதான் பெரிது. கில்லாரி, சாஸ்தூர், மங்க்ரூள், தல்ணி, பேட்சாங்வி, ஹோளி என்று ஊர் ஊராகக் கற்குவியல் ஆயின. இறந்தோர் எண்ணிக்கையில் கணக்குக்குக் கணக்கு வேறுபாடு உண்டு. அரசின் கணக்கு எட்டாயிரத்தை ஒட்டி நிற்கிறது. உலக அளவில் அதிகம் எடுத்தாளப்படும் எண் 9,748. காயம்பட்டவர்கள் ஏறத்தாழ 30,000.

இந்த எண்களைத் தனியாகப் பார்த்தால் அவற்றின் கொடுமை முழுதாகப் புரியாது. பக்கத்தில் இரண்டு நிலநடுக்கங்களை வைத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1991 அக்டோபர் 20-இல் இமயமலையின் உத்தரகாசியில் வந்தது 6.8. நிலநடுக்க அளவுகோலில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு ஆகும். அந்தக் கணக்கில் உத்தரகாசியின் ஆற்றல் கில்லாரியைப்போல் எட்டு மடங்கு. அங்கே இறந்தவர்கள் 800-க்கும் குறைவு. கில்லாரிக்குப் பிறகு மூன்றரை மாதத்தில், 1994 ஜனவரி 17 அதிகாலை 4.31-க்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் நார்த்ரிட்ஜ் பகுதிக்கு அடியில் 6.7 அளவில் ஒன்று வந்தது. அதுவும் ஊர் உறங்கும் வேளைதான். அதுவும் கில்லாரியைப்போலவே, நிலத்தடியில் ஒரு பக்கப் பாறை மறுபக்கப் பாறைமீது ஏறிய வகைதான். இலட்சக்கணக்கான பேர் நெருங்கி வாழும் பெருநகரத்தின் நேர் அடியில் நடந்தும், அங்கே இறந்தவர்கள் சுமார் 60 பேர்.

ஆகவே 6.2 என்ற எண் மட்டும் கில்லாரியை விளக்காது. கில்லாரிக்கு நான்கு விஷயங்கள் ஒன்றுகூட வேண்டியிருந்தன: ஒரு பழைய எரிமலை, நெடுங்காலம் பெய்த மழை, ஆயிரம் கி.மீ.க்கு அப்பால் நடக்கும் ஒரு மோதல், இவற்றோடு ஒரு மறதி. பள்ளிப் பாடப்புத்தகத்தில் எரிமலை, பாறைச் சிதைவு, புவித்தட்டு, நிலநடுக்கம் என்று நான்கு தனித்தனிப் பாடங்களாகப் படித்தவை இந்த ஒரே ஊரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. நான் இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஜப்பானையோ சிலியையோ விட்டுவிட்டு கில்லாரியை எடுப்பதற்குக் காரணம் அதுதான்.

சுவரில் இருந்த கல் எங்கிருந்து வந்தது

அந்தக் கறுப்புக் கல் பசால்ட். உறைந்த எரிமலைக் குழம்பு. இன்றிலிருந்து ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா ஆசியாவோடு ஒட்டியிராமல் இந்தியப் பெருங்கடலில் தனித் தீவாக வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்த காலம். இப்போது ரீயூனியன் தீவு இருக்கும் இடத்துக்கு அடியில், புவியின் ஆழத்திலிருந்து வெப்பம் தூணாக எழும்பும் ஓரிடம் இருந்தது. அந்த இடத்தைக் கடக்கும்போது இந்தியாவின் மேற்குப் பாதி பிளந்து குழம்பு கொட்டியது. எரிமலை என்றதும் நாம் படத்தில் வரையும் கூம்பு மலை அங்கே இல்லை. நீண்ட வெடிப்புகள் வழியே, ஊற்றுப் பெருக்கெடுத்ததுபோல், நீர்த்த குழம்பு வெள்ளமாகப் பரவியது. உறைந்தது. அதன்மேல் மறுபடி பரவியது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது மட்டுமே சுமார் ஐந்து இலட்சம் சதுர கி.மீ. தமிழ்நாட்டைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

அந்த வெப்பத் தூண் இன்னும் அணையவில்லை. நிலத்தைச் சுமக்கும் புவித்தட்டு அதன் மேலாக நகர்ந்துகொண்டே போனதால், அடுப்பின்மேல் தோசைக்கல்லை இழுத்துக்கொண்டே போனால் கல்லில் சூடு பட்ட கோடு விழுவதுபோல், இலட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ் என்று கடலடியில் ஒரு தடம் விழுந்திருக்கிறது. தடத்தின் இந்தக் கடைசி முனையில், ரீயூனியனில், பிட்டோன் டி லா ஃபூர்னேஸ் எரிமலை இன்றும் அடிக்கடி குழம்பு கக்குகிறது. எல்லோரா கோயில்களைக் குடைந்தெடுத்த பாறைக்கும் கில்லாரி வீட்டுச் சுவர்க் கல்லுக்கும் தாய் ஒன்றே.

மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் இந்தப் பசால்ட் அடுக்கின் கனம் ஒரு கி.மீ.க்கும் மேல். கிழக்கே போகப் போக மெலிகிறது. நிலநடுக்கத்துக்குப் பிறகு கில்லாரியில் 617 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்த்தார்கள். மேலே 338 மீட்டர் பசால்ட். அதன்கீழ் வெறும் 8 மீட்டர் கனத்துக்குப் பழைய வண்டல் படிவு. அதற்கும் கீழே, தீபகற்பத்தின் அடித்தளமான மிகப் பழைய பாறை. இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. சாணம் மெழுகிய தரையைப் பார்த்து அடியில் உள்ள விரிசலைச் சொல்ல முடியாது. கில்லாரியின் நிலமும் அப்படித்தான் இருந்தது: எரிமலை மெழுகிவிட்டுப் போன தரை, அடியில் யாரும் பார்த்திராத பழம்பாறை.

மழை செய்த வேலை

பசால்ட் குளிரும்போது சுருங்கும். சுருங்கும்போது வெடிப்பு விடும். வெடிப்புகள் பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துவிடும். மழைநீர் அந்த வெடிப்பு வழியே இறங்குகிறது. சதுரக் கட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முகத்தை நீர் ஒரு பக்கமிருந்து அரிக்கிறது. விளிம்பை இரண்டு பக்கமிருந்து. மூலையை மூன்று பக்கமிருந்து. அதனால் மூலைகள் முதலில் கரையும். பல்லாயிரம் ஆண்டில் சதுரக் கட்டி உருண்டையாகிவிடும். சுற்றிலும் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரியும் மக்கிய பாறை, நடுவில் உடைக்க முடியாத கறுப்பு உருண்டை. தக்காணத்தில் சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கையால் பிட்டால் தோல் உதிரும், நடுக்கல்லைச் சுத்தியல்கூட லேசில் உடைக்காது.

உதிர்ந்த தோல் எங்கே போனது? அதுதான் கரிசல் மண். பசால்ட்டில் உள்ள கனிமங்கள் நீரோடு வினைபுரிந்து, ஈரத்தைக் குடித்தால் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் ஒருவகைக் களிமண்ணாக மாறுகின்றன. கோடையில் இந்த நிலத்தில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். நம் கோவில்பட்டிக் கரிசலும் இப்படித்தான் வெடிக்கிறது. ஆனால் அதன் தாய்ப்பாறை எரிமலைக் குழம்பு இல்லை, அது தனிக் கதை. தக்காணக் கரிசலில் பருத்தியும் சோளமும் துவரையும் செழிக்கும். கில்லாரிச் சுற்றுவட்டாரம் இந்த மண்ணால்தான் பிழைத்தது.

வீடு கட்டவேண்டிய விவசாயி என்ன செய்வார்? வயலில் உழும்போது இடறும் உருண்டைக் கற்களைப் பொறுக்கிக் கரையில் குவிக்கிறார். அதே வயலின் மண்ணைக் குழைக்கிறார். ஒரே பாறை சிதைந்து தந்த இரண்டு பொருள்கள், கல்லும் சேறும், மறுபடி சுவராகக் கூடுகின்றன. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உருளைக்கிழங்கை அடுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உருண்டை உருண்டைமேல் உட்காராது. பிடித்துக்கொள்ளவேண்டிய மண்ணோ, மழைக்காலத்தில் குழைந்து கோடையில் சுருங்கி, கல்லிலிருந்து தானே விலகிக்கொள்ளும் மண்.

தள்ளுவது இமயமலைப் பக்கம்

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவில் போய் மோதியது. மோதியபின் நின்றிருக்கவேண்டும் என்று தோன்றும், நிற்கவில்லை. வேகம் குறைந்தது, அவ்வளவே. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. கணக்கில் இன்றும் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. எழுபது வயது வாழ்ந்த ஒருவர் தன் ஆயுளில் மூன்றரை மீட்டர் வடக்கே போயிருக்கிறார். இந்தத் தள்ளலின் பெரும்பங்கு இமயமலையை உயர்த்துவதிலும் திபெத்தை நசுக்குவதிலும் செலவாகிறது. ஆனால் தட்டு என்பது ஒரே துண்டாக நகரும் இறுகிய பொருள். நீண்ட மேசையின் ஒரு முனையைச் சுவரில் முட்டி மறுமுனையைத் தள்ளினால் இறுக்கம் மேசை முழுவதும் பரவும். மூட்டு எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே ‘நறுக்’ என்று ஓசை கேட்கும். தீபகற்பத்தின் பழம்பாறையில் எப்போதோ உண்டாகிப் பிறகு உறங்கிப்போன பிளவுகள்தாம் அந்தத் தளர்ந்த மூட்டுகள்.

கில்லாரியில் நடந்ததும் அதுவே. வடமேற்கு–தென்கிழக்காக ஓடும் சாய்ந்த பிளவு ஒன்றில், தென்மேற்குப் பக்கத்துப் பாறை வடகிழக்குப் பக்கத்துப் பாறையின்மேல் ஏறியது. இழுபட்டுப் பிளந்த நிலத்தில் பாறை சரியும். நெருக்குண்ட நிலத்தில்தான் பாறை ஏறும். வடக்கேயிருந்து வரும் நெருக்கத்துக்கு அந்த வயலிலேயே அடையாளம் இருந்தது. கில்லாரிக்கு அருகே விளைநிலத்தின் நடுவில் தரை வெடித்துப் படிக்கட்டுபோல் உயர்ந்து நின்றது. சில இடங்களில் உயரம் 80 செ.மீ. வரை. நிலையான நிலம் என்று கருதப்பட்ட தீபகற்பத்தில், பிளவு தரைக்கு மேலேயே வந்து முகம் காட்டுவது மிக அரிது. ஆழம் குறைவு என்பதற்கும் அதுவே சான்று: முறிவு பத்து கி.மீ.க்கும் குறைந்த ஆழத்தில் நடந்திருக்கிறது. அதனால்தான் நேர் மேலே இருந்த ஊர்கள் அரைபட்டன, 40 கி.மீ. தள்ளியிருந்த லாத்தூர் நகரம் பெரும்பாலும் தப்பியது. ஹைதராபாத்திலும் புனேயிலும் தூங்கினவர்களை எழுப்பியதோடு சரி.

கீழ் தேர்ணா அணையின் நீர்த்தேக்கம் பக்கத்திலேயே இருந்ததால், அணைதான் காரணமோ என்ற கேள்வி உடனே எழுந்தது. கேள்வி நியாயமானது. இதே மகாராஷ்டிராவில் கொய்னா அணையில் நீர் தேக்கத் தொடங்கியபின் நடுக்கங்கள் பெருகி, 1967 டிசம்பர் 11 அதிகாலையில் 6.3 அளவில் ஒன்று வந்து சுமார் 180 பேரைக் கொன்றது. நீர்த்தேக்கம் நிலநடுக்கத்தைத் தூண்டும் என்பதற்கு உலகமே காட்டும் சான்று அது. கொய்னாவில் நீர் மட்டம் ஏறி இறங்குவதும் நடுக்கம் கூடிக் குறைவதும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே நடப்பதைக் காட்ட முடிந்தது. கில்லாரியில் அப்படிப்பட்ட நீண்ட தொடர்பு கிடைக்கவில்லை. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது. என் வரையில், முறிவதற்கு ஏற்கெனவே தயாராக இருந்த பிளவு அது. அணையைப் பற்றிய விவாதம் அந்த அடிப்படையை மாற்றுவதில்லை.

‘மண்டலம் ஒன்று’

1970-இல் வெளியான இந்திய நிலநடுக்க வரைபடத்தில் ஐந்து மண்டலங்கள். ஐந்தாவது மிக ஆபத்தானது. ஒன்றாவது ஆபத்து மிகக் குறைந்தது. கில்லாரி இருந்தது ஒன்றில். கட்டுபவருக்கு அதன் பொருள்: இங்கே நிலநடுக்கத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

வரைபடம் வரைந்தவர்கள் அலட்சியமாக இருக்கவில்லை. எங்கெல்லாம் முன்பு நடுக்கம் வந்ததாகப் பதிவு இருக்கிறதோ அந்தப் பதிவுகளைத்தான் பெரும்பாலும் அவர்களால் ஆதாரமாகக் கொள்ள முடியும். கருவிப் பதிவு நூறு ஆண்டுக்குள். எழுத்துப் பதிவு சில நூறு ஆண்டு. ஆனால் தட்டின் நடுவில் உள்ள பிளவில் இறுக்கம் சேர்வது மிக மெதுவாக. ஒரு முறை முறிந்தபின் மறுமுறை முறிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தாளியை நூறு ஆண்டு வருகைப் பதிவேட்டில் தேடினால் பெயர் இருக்காது. பதிவேட்டில் பெயர் இல்லாததை, விருந்தாளியே இல்லை என்று நாம் வாசித்துவிட்டோம்.

நிலத்துக்குள் பதிவு இருந்தது. கில்லாரியிலிருந்து அதிக தூரமில்லாத தேர் என்ற ஊரில் நிலநடுக்க ஆய்வாளர்களான சி. பி. ராஜேந்திரனும் குசலா ராஜேந்திரனும் பின்னாளில் ஆய்வு செய்தார்கள். கிரேக்க மாலுமிக் குறிப்பான பெரிப்ளூஸ் பேசும் ‘தகரா’ என்ற வணிக நகரம் இந்தத் தேர்தான். அங்கே பழைய மண்ணடுக்குகள் சிதைந்திருப்பதைக் கண்டு, ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியில் ஒரு நிலநடுக்கம் நடந்திருக்கவேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். வரைபடத்தை விட மண்ணுக்கு ஞாபகம் அதிகம். அதைத் தோண்டிக் கேட்கும் பழக்கம்தான் அதுவரை நம்மிடம் இல்லை.

இன்னொரு பதிவும் இருந்தது. அது ஊரார் உடம்பிலேயே இருந்தது. 1992 அக்டோபர், நவம்பர் மாதங்களில் கில்லாரியில் அடுத்தடுத்துச் சிறு நடுக்கங்கள் வந்தன. பாத்திரங்கள் குலுங்கின, மக்கள் பயந்தார்கள். பிறகு அடங்கியது. பதினோரு மாதம் கழித்துப் பெரியது வந்தது. இதைப் படிக்கும்போது எவருக்கும் நெஞ்சு பதறும்: முன்னமே சொல்லியும் கேட்காமல் போனோமா? நேர்மையான பதில் கொஞ்சம் கசப்பானது. இப்படிச் சிறு நடுக்கங்கள் கூட்டமாக வருவது தீபகற்பத்தில் அபூர்வமில்லை. மும்பைக்கு வடக்கே பால்கரில் 2018 நவம்பரிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்திருக்கின்றன. பெரும்பாலான கூட்டங்கள் பெரிய நடுக்கம் எதுவுமின்றி ஓய்ந்துவிடும். எது முன்னறிவிப்பு, எது வெறும் முனகல் என்று முன்கூட்டிப் பிரிக்கும் வழி இன்றும் யாரிடமும் இல்லை. ஆனால் இரண்டு காரியங்கள் செய்திருக்கலாம். ஊருக்குள் அதிர்வுமானிகளை வைத்திருக்கலாம். 1993-இல் நிலம் குலுங்கியபோது கில்லாரிப் பகுதியின் வலுவான அதிர்வைப் பதிந்த கருவி ஒன்றுகூட இல்லை. சுவர்களைப் பார்த்திருக்கலாம்.

சுவருக்குள் நடந்தது

இதை வகுப்பில் நான் செய்து காட்டுவேன். வீட்டில் நீங்களும் செய்யலாம். ஒரு பலகையின்மேல் கூழாங்கற்களை இரண்டு வரிசையாக, நான்கு விரல் இடைவெளி விட்டு, ஒரு சாண் உயரத்துக்குக் களிமண் வைத்து அடுக்குங்கள். நடுவில் பொடிக்கல்லும் ஈரமண்ணும் நிரப்புங்கள். இரண்டு நாள் காயவிடுங்கள். காய்ந்தபின் மேலே செங்கல் ஒன்றை வையுங்கள். நிற்கும், இரண்டு செங்கல்லுக்கும் நிற்கும். இப்போது பலகையின் ஓரத்தை உள்ளங்கையால் தட்டுங்கள். ஐந்தாறு தட்டில் நடுவில் உள்ள பொடி இறங்கும். படியில் நெல் அளக்கும்போது படியைத் தட்டினால் நெல் இறங்கி இன்னும் கொஞ்சம் இடம் விடுமே, அதேதான். இறங்கும் பொடி ஆப்புபோல் இரு முகங்களையும் வெளியே தள்ளும். முதலில் கர்ப்பிணி வயிறுபோல் சுவர் உப்பும். அடுத்த தட்டில் வெளிமுகம் தனியாகக் கழன்று விழும், உள்முகம் தனியாக. செங்கல் நடுவில் இறங்கும்.

சுவரின் இரு முகங்களையும் கோக்கும் நீளக் கல் இடையிடையே இருந்திருந்தால் இது நடக்காது. கில்லாரிச் சுவர்களில் அப்படிப்பட்ட கல் அநேகமாக இல்லை. மூன்றடிச் சுவருக்குக் குறுக்கே போகும் கல் உருண்டை நிலத்தில் கிடைப்பதும் இல்லை. சுவரும் சுவரும் சேரும் மூலையிலும் பிணைப்பு இல்லை. நாலடிக் கனம் என்று ஊர் நம்பியது, உண்மையில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு மெல்லிய சுவர்கள்.

இனி கூரை. பத்தடிக்குப் பத்தடி அறையை எடுத்துக்கொள்வோம், சுமார் 9 சதுர மீட்டர். அரை மீட்டர் மண் என்றால் நாலரைக் கன மீட்டர். கன மீட்டருக்கு 1.6 டன் என்று குறைத்துப் போட்டாலும் ஏழு டன்னுக்கு மேல் வருகிறது. செப்டம்பர் கடைசி; மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்த மண். நிலநடுக்கம் எடையைத்தான் பிடித்து உலுக்குகிறது. தரை புவியீர்ப்பின் ஐந்தில் ஒரு பங்கு முடுக்கத்தோடு பக்கவாட்டில் அசைந்தால், ஏழு டன் கூரையைத் தாங்கும் சுவர் ஒன்றரை டன் பக்கத் தள்ளலைச் சமாளிக்கவேண்டும். அந்தத் தள்ளலுக்கு எதிரே நின்றது காய்ந்த சேறு.

சில வீடுகளில் கூரை சுவரில் உட்காரவில்லை. உள்ளே மரத்தூண்கள் நட்டு அவற்றின்மேல் உத்திரம் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இடங்களில் சுவர்கள் உதிர்ந்தும் மரச்சட்டம் கூரையைச் சுமந்துகொண்டு நின்ற காட்சிகள் உண்டு. ஊர் ஓரத்தில் ஏழைகளின் கூரைக் குடிசைகள் நின்றன. மெல்லிய சுவர், மேலே புல். விழுந்தாலும் கொல்லும் எடை இல்லை. காசு சேரச் சேரச் சுவரைக் கனமாக்கிக்கொண்ட குடும்பங்கள் அதிகம் இழந்தன. பாதுகாப்புக்கென்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததே அவர்கள்மேல் விழுந்தது என்பதை எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இடிந்தபோது மண் கூரை பொடியாகி, கல் இடுக்கெல்லாம் புகுந்து நிரப்பிவிடும். கான்கிரீட் கட்டடம் விழுந்தால் பலகைகளுக்கு நடுவே சில பொந்துகள் மிஞ்சும், ஆள் உயிரோடு கிடக்க வாய்ப்பு உண்டு. கில்லாரியின் வீடுகள் அந்த இடத்தையும் விடவில்லை.

அதன்பின்

வரைபடம் திருத்தப்பட்டது. 1997-இல் ஜபல்பூர், 2001-இல் பூஜ் என்று தீபகற்பம் மேலும் இரண்டு முறை எச்சரித்தபின், நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 1893-க்கு 2002-இல் வந்த திருத்தத்தில் ‘மண்டலம் ஒன்று’ என்பதே நீக்கப்பட்டது. லாத்தூர்ப் பகுதி மூன்றுக்குப் போனது. அதே திருத்தத்தில்தான் சென்னையும் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. இன்று சென்னையில் அடுக்குமாடி கட்டும் பொறியாளர் தூணில் கம்பியை எப்படி வளைக்கவேண்டும் என்று பார்க்கும் விதியில் கில்லாரிக்கும் ஒரு பங்கு உண்டு.

உலக வங்கிக் கடனோடு மகாராஷ்டிர அரசு மறுகட்டுமானத்தைத் தொடங்கியது. 52 கிராமங்கள் வேறு இடத்தில் புதிதாகக் கட்டப்பட்டன. நேர்க்கோட்டில் அகலத் தெருக்கள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள். அவை இடியாது என்பது பெரிய ஆறுதல். ஆனால் நெருங்கிய சந்துகளும் ஒட்டிய சுவர்களுமாக இருந்த ஊர் பல மடங்கு பரப்புக்கு விரிந்தபோது, ஊர் என்பதன் கட்டமைப்பே மாறிப்போனது. பழைய மாளவத் வீட்டின் குளுமை மெல்லிய கான்கிரீட்டுக்கு இல்லை. இடமாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. கற்குவியலுக்கு அடியில் உறவினரைத் தேடிய மக்கள் கல் வீட்டுக்குத் திரும்ப மறுத்தது இயற்கை.

எனக்கு இடமாற்றத்தைவிட முக்கியமாகப் படுவது, அதிகம் பேசப்படாத இன்னொரு வேலை. சேதம் குறைவாக இருந்த ஆயிரக்கணக்கான கிராமங்களில் கல் வீடுகள் அப்படியே நின்றன. அனைத்தையும் இடித்துக் கட்ட எந்த அரசிடமும் பணம் இல்லை. அவற்றை இருந்த இடத்திலேயே வலுப்படுத்தும் முறைகளைக் கொத்தனார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கூரை மண்ணைக் குறைப்பது. சுவரைச் சுற்றி, கதவு சன்னல்களுக்கு மேலே, பெட்டிக்குக் கயிறு கட்டுவதுபோல் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை. அப்புறம் இரு முகங்களையும் கோப்பது.

கோப்பதற்கு இப்படிச் செய்வார்கள். வெளிமுகத்தில் ஒரு கல்லை, சுத்தியலால் அடிக்காமல், கடப்பாரை நுனியால் மண்ணைச் சுரண்டி மெல்ல எடுக்கவேண்டும். அதே மட்டத்தில் உள்முகத்திலும் ஒரு கல். நடுவில் உள்ள பொடியைக் கையை விட்டு அள்ளினால், சுவருக்குக் குறுக்கே இரு முனையும் அகன்று நடு ஒடுங்கிய, உடுக்கைபோல் ஒரு துளை கிடைக்கும். இரு முனையிலும் கொக்கியாக வளைத்த 8 மி.மீ. கம்பி ஒன்றைத் துளைக்குள் வைத்து, கான்கிரீட்டால் நிரப்பி, ஈரச் சாக்கு போட்டு ஆறவிடவேண்டும். ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒன்று. ஒரு சுவருக்கு ஏழெட்டுத் துளை. வேலை முடிந்தபின் வெளியே தெரிவது கறுப்புக் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் சில சாம்பல் நிறப் புள்ளிகள் மட்டுமே. உள்ளே அறை பழையபடி குளுமையாகவே இருக்கும்.